கடனை அடைப்பதா, கையிருப்பைக் காப்பதா? தனித்து வாழ்வோரின் கணக்கும் திருவனந்தபுரம் தரும் பாடமும்

திருவனந்தபுரம்: வங்கிக் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. கடன் அட்டையில் அறுபதாயிரம் ரூபாய் பாக்கி நிற்கிறது. இருப்பதை எடுத்துப் பாக்கியைக் குறைப்பதா, ஆபத்துக்கு உதவும் என்று அப்படியே விட்டுவைப்பதா? பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் ஒரே கூரையின்கீழ் வாழ்பவருக்கு இது வட்டிக் கணக்கு மட்டுமே. தனியாக வாழ்பவருக்கு இது வேறு கேள்வி. நாளை காய்ச்சலில் படுத்தாலோ, வேலை பறிபோனாலோ, அடுத்த மாத வாடகையை யார் தருவார் என்ற கேள்வி அது.

இந்தக் கேள்வி நாடு முழுவதும் எழுகிறது என்றாலும், கேரளத் தலைநகரில் அதன் எல்லா முகங்களையும் ஒருசேரக் காணலாம். 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் வளாகத்தைச் சுற்றிக் கழக்கூட்டம், ஸ்ரீகாரியம், காரியவட்டம் பகுதிகளில் வாடகை அறைகளில் தனித்து வாழும் இளைஞர்கள் ஏராளம். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வந்து தங்கியிருக்கும் தமிழர்களும் அவர்களில் உண்டு. நகரின் பழைய தெருக்களிலோ, பிள்ளைகள் வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிவிட, ஓய்வூதியத்தை நம்பித் தனியாகக் காலம் தள்ளும் முதியவர்கள் இருக்கின்றனர். ஒரு சாராருக்குக் கடன் அதிகம், கையிருப்பு குறைவு. மற்றொரு சாராருக்குச் சேமிப்பு உண்டு. அது வேண்டிய நேரத்தில் கைக்கு வருமா என்பதே கவலை.

எண்கள் சொல்வது என்ன?

கழக்கூட்டத்தில் தனியே வாழும் ஓர் ஊழியரை உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். கைக்கு வரும் சம்பளம் மாதம் ரூ. 35,000. வாடகை ரூ. 8,000, உணவு, போக்குவரத்து, தொலைபேசி, ஊருக்கு அனுப்புவது ஆகியவை ரூ. 14,000. ரூ. 2 லட்சம் தனிநபர் கடனுக்கு 14 சதவீத வட்டியில் நான்கு ஆண்டுத் தவணை ஏறத்தாழ ரூ. 5,500. ஆக, மிஞ்சுவது ரூ. 7,500.

கடன் அட்டைப் பாக்கி ரூ. 60,000. மாதத்துக்கு 3.5 சதவீத வட்டி எனில் ரூ. 2,100, அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி ரூ. 378. அதாவது மாதந்தோறும் ரூ. 2,478 வட்டியாகவும் வரியாகவும் போகிறது. வங்கியில் தூங்கும் ரூ. 40,000-க்கு 2025-ல் பெரிய வங்கிகள் குறைத்து நிர்ணயித்த 2.5 சதவீத வட்டியில் மாதம் கிடைப்பது ஏறத்தாழ ரூ. 83. ஒரு கையால் 83 ரூபாயை வாங்கி, மறு கையால் 2,478 ரூபாயைக் கொடுக்கும் நிலை இது. கணக்குத் தெரிந்த எவரும், சேமிப்பை எடுத்து முதலில் கடனை அடையுங்கள் என்றே சொல்வர்.

அவ்வாறே செய்தால் பாக்கி ரூ. 20,000 ஆகக் குறையும். மாதம் ரூ. 7,500 வீதம் கட்டினால் மூன்றாவது மாதத்தில் அட்டைக் கடன் தீர்ந்துவிடும். மாறாக, ஒரு மாதத்தின் தவிர்க்க முடியாத செலவுக்கும் தவணைக்கும் ஈடான ரூ. 28,000-ஐ வங்கியிலேயே வைத்துவிட்டு, ரூ. 12,000-ஐ மட்டும் கடனுக்குக் கட்டினால், அட்டைக் கடன் தீர எட்டு மாதங்கள் ஆகும். எட்டாவது மாத இறுதியில் இரு வழிகளையும் ஒப்பிட்டால், கையிருப்பை வைத்துக்கொண்டவர் சுமார் ரூ. 7,300 கூடுதலாக இழந்திருப்பார்.

இந்த ரூ. 7,300 வீண் நஷ்டமா, காப்பீட்டுக்குச் செலுத்திய கட்டணமா என்பதில்தான் வாதம் இருக்கிறது.

உறவு என்னும் காப்பீடு:

சேமிப்பு முழுவதையும் கடனுக்குக் கட்டியவருக்கு இரண்டாவது மாதத்தில் விபத்து நேர்ந்தால் என்ன ஆகும்? கடன் அட்டையில் இடம் காலியாகியிருக்கிறதே, அதையே மீண்டும் பயன்படுத்திக்கொள்ளலாமே என்பது ஒரு பதில். அதில் நியாயம் உண்டு. மருத்துவமனைக் கட்டணத்தை அட்டையில் கட்ட முடியும். ஆனால் வீட்டு உரிமையாளர்கள் பலர் வாடகையை அட்டையில் வாங்குவதில்லை. தனிநபர் கடன் தவணை வங்கிக் கணக்கிலிருந்தே பிடித்தம் செய்யப்படுகிறது. ஒரு தவணை தவறினால் அபராதமும் சேர்கிறது, கடன் தகுதி மதிப்பெண்ணும் சரிகிறது. அதைக் காரணம் காட்டி அட்டையின் வரம்பை வங்கி குறைத்தும்விடலாம். தேவை மிகுந்திருக்கும் அதே வேளையில் அட்டை கைவிட்டுவிடக் கூடும்.

குடும்பத்தோடு வாழ்பவருக்கு இந்த இடத்தில் அண்ணனின் சம்பளமோ, தாயின் வளையலோ, மாமாவின் கைமாற்றோ துணை நிற்கும். அவற்றுக்கு வட்டி இல்லை, விண்ணப்பமும் இல்லை. தனியாக வாழ்பவருக்கு வங்கியில் உள்ள அந்தச் சிறு தொகைதான் அண்ணன், தாய், மாமா எல்லாம். அதனை முதலீடாகப் பார்த்து, வட்டி குறைவு என்று ஒதுக்குவது பொருந்தாது.

அதற்காகக் கையிருப்பைப் பெருக்கிக்கொண்டே போவதும் தவறு. ஒரு மாதச் செலவுக்கான தொகை பாதுகாப்பு. ஆறு மாதச் செலவுக்குச் சேரட்டும், பிறகு கடனைப் பார்க்கலாம் என்று 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட ஆண்டு வட்டியைக் கட்டிக்கொண்டிருப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். அட்டைக் கடன் தீர்ந்த பிறகு, அதே ரூ. 7,500-ஐக் கொண்டு கையிருப்பை மூன்று மாதச் செலவுக்கு உயர்த்துவதற்கு அவகாசம் உண்டு.

சிட்டியும் நகைக்கடனும்:

இந்தச் சிக்கலுக்குக் கேரளம் தனக்கே உரிய சில வழிகளை வைத்திருக்கிறது. அவற்றில் முதன்மையானது, தமிழகத்தில் சீட்டு என்றழைக்கப்படும் சிட்டி. அதை மாநில அரசே நடத்துகிறது. திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1969-ல் தொடங்கப்பட்ட கேரள அரசு நிதி நிறுவனம் (கே.எஸ்.எஃப்.இ.) இதற்காகவே உருவானது. சேமிப்பும் கடனும் ஒரே ஏட்டில் அடங்குவது சிட்டியின் சிறப்பு. முதலில் எடுப்பவருக்கு அது கடன். கடைசிவரை காத்திருப்பவருக்கு அது சேமிப்பு. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை முப்பது சதவீதம் தள்ளி எடுத்தால் கைக்கு ரூ. 70,000 வரும். கடன் அட்டைப் பாக்கியை அதனால் அடைத்துவிட்டு, மிச்சத் தவணைகளை நிதானமாகக் கட்டலாம்.

ஆனால் சீட்டை எடுத்தவர் பணத்தைப் பெற ஜாமீன் தர வேண்டும். சம்பளச் சான்றிதழோடு கையெழுத்திடும் ஆள், நிலப் பத்திரம், நகை, வைப்புத்தொகை இவற்றில் ஏதேனும் ஒன்று தேவை. ஊரும் உறவும் உள்ளவருக்கு அரசு ஊழியரான சித்தப்பா ஒருவர் கிடைப்பார். வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் இருப்பவருக்கு அந்தக் கையெழுத்துதான் கிடைப்பதில்லை.

1998-ல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் அடிப்படையும் குடும்பம்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெண் என்ற அளவில் அமைக்கப்பட்ட அதன் அயல்கூட்டங்கள், சிறுசேமிப்பையும் குறைந்த வட்டிக் கடனையும் ஏழைப் பெண்களின் வாசலுக்குக் கொண்டுவந்தன. கந்துவட்டிக்கு எதிராக அவை ஆற்றிய பணி பெரிது. எனினும், தெருவில் வேர்பிடித்த குடும்பங்களைக் கருதி எழுந்த அந்த ஏற்பாட்டில், ஆண்டுக்கொரு முறை அறை மாறும் தனி ஆளுக்கு இடம் தேடுவது எளிதன்று.

எஞ்சுவது நகைக்கடன். பொதுத்துறை வங்கிகளின் நகைக்கடன் வட்டி, கடன் அட்டை வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கையில் நகை உள்ளவர் அதை அடகு வைத்து அட்டைக் கடனைத் தீர்ப்பது கணக்குப்படி சரியே. ஜாமீன் கையெழுத்தும் தேவையில்லை. இதில் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகளை வெளியிட்டது. ரூ. 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை வழங்கலாம். கடனை அடைத்தபின் நகையைத் திருப்பித் தருவதில் தாமதம் ஏற்பட்டால் நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு தர வேண்டும் என்பன அவற்றுள் சில. 2026 ஏப்ரல் 1-ஆம் தேதியை அவற்றுக்கான கெடுவாக ரிசர்வ் வங்கி நிர்ணயித்தது. எனினும் அட்டைக் கடனை நகையால் அடைத்துவிட்டு, மீண்டும் அட்டையில் செலவு செய்யத் தொடங்கினால் கடன் இரட்டிப்பாகும்; நகை ஏலத்துக்குப் போகும்.

இந்த வாயில்கள் அனைத்தும் அடைபட்டவரே கந்துவட்டிக்காரர்களிடம் போகிறார். கேரளத்தில் இவர்களுக்குப் 'பிளேடு' என்றே பெயர். இவர்களுக்கு எதிராக 2012-ல் சட்டம் இயற்றப்பட்டது. 2014-ல் ரமேஷ் சென்னிதலா உள்துறை அமைச்சராக இருந்தபோது 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் போலீஸார் மாநிலமெங்கும் சோதனை நடத்தினர். இப்போது கந்துவட்டி கைப்பேசிச் செயலிகள் வழியாகவும் வருகிறது. மின்னணு முறைக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறைகளை வகுத்தது என்றாலும், அனுமதியற்ற செயலிகள் அவற்றுக்குக் கட்டுப்படுவதில்லை.

சேமிப்பே சிக்கிக்கொண்டால்?

கையிருப்பு வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டால், அதை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. அரை சதவீதமோ ஒரு சதவீதமோ கூடுதல் வட்டிக்காகக் கூட்டுறவு சங்கங்களில் பணம் போடுவது கேரளத்தில் நெடுங்காலப் பழக்கம். திருச்சூர் மாவட்டத்தில் கருவன்னூர் சேவைக் கூட்டுறவு வங்கி முறைகேடு 2021-ல் வெளிவந்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 2023 நவம்பரில் திருவனந்தபுரம் மாவட்டத்தின் கண்டலா சேவைக் கூட்டுறவு வங்கியில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. இரண்டு இடங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் சாமானிய முதலீட்டாளர்கள். சிகிச்சைக்கும் திருமணத்துக்கும் என்று போட்டுவைத்த பணத்தைக் கேட்டு அவர்கள் அலுவலக வாசலில் காத்துக்கிடக்க நேர்ந்தது.

வணிக வங்கிகளிலும் உரிமம் பெற்ற கூட்டுறவு வங்கிகளிலும் ஒருவரின் வைப்புத்தொகைக்கு 2020 பிப்ரவரி முதல் ரூ. 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. தொடக்க நிலைக் கூட்டுறவு சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. மாநில அரசின் உத்தரவாத நிதியம்தான் அவற்றுக்குப் பாதுகாப்பு. இதைச் சுட்டிக்காட்டி, கூட்டுறவு சங்கங்கள் 'வங்கி' என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. மாநில உரிமையில் தலையீடு என்று கேரள அரசு அதை எதிர்த்தது. அந்த அரசியல் வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஆபத்துக்கென வைக்கும் பணம், கேட்ட அன்றே கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தனித்து வாழும் முதியவருக்கு ஆறு மாதம் கழித்துக் கிடைக்கும் பணத்தால் பயன் இல்லை.

அரசுக் கருவூலமே இதில் விலக்காக இல்லை. கேரளத்தில் கருவூலச் சேமிப்பு வங்கி பொதுமக்களிடமிருந்தும் வைப்புத்தொகை பெறுகிறது. 2024 மார்ச் முதல் வாரத்தில் அரசு ஊழியர்களின் சம்பளம் கருவூலச் சேமிப்புக் கணக்குகளில் வரவு காட்டப்பட்டும், அதை எடுக்க முடியாத நிலை ஏற்பட்டது. பின்னர் நாளொன்றுக்கு ரூ. 50,000 என்ற உச்சவரம்போடு பணம் வழங்கப்பட்டது. தலைமைச் செயலகத்தின் முன் ஊழியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின.

தில்லியில் நடக்கும் வழக்கு:

இதே காலகட்டத்தில் உச்ச நீதிமன்றத்தில் கேரளத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாநிலம் வாங்கும் கடனுக்கு மத்திய அரசு விதித்த உச்சவரம்பை எதிர்த்து, அரசியல் சாசனத்தின் 131-ஆவது பிரிவின்கீழ் கேரளம் 2023 டிசம்பரில் தொடுத்த வழக்கு அது. கருவூலச் சேமிப்பு உள்ளிட்ட பொதுக் கணக்கில் சேரும் தொகையையும் மாநிலத்தின் கடனாக மத்திய அரசு கணக்கிடுவது, அதில் எழுந்த முக்கிய ஆட்சேபங்களில் ஒன்று. திருவனந்தபுரத்தில் ஓர் ஓய்வூதியர் தன் தள்ளாமைக் காலத்துக்கென்று கருவூலத்தில் போட்டுவைக்கும் பணம், தில்லியின் ஏட்டில் மாநிலத்தின் கடனாகப் பதிவாகிறது.

கேரளத்தின் நிதி நிர்வாகமே நெருக்கடிக்குக் காரணம் என்றது மத்திய அரசு. கூட்டாட்சியின் அடிப்படையையே தகர்ப்பதாகக் கூறியது மாநில அரசு. 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி இடைக்கால நிவாரணம் வழங்க மறுத்த உச்ச நீதிமன்றம், வழக்கை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. சட்டத்தில் யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். மாதத் தொடக்கத்தில் கையிருப்பு இல்லாத ஒருவர், தன் நிலையைப் பிறர் தீர்மானிக்கும்படி விட்டுவிட வேண்டியிருக்கிறது என்பது அரசுக்கும் தனி ஆளுக்கும் பொது.

கடன் அட்டை வட்டி விவகாரமும் தில்லியில்தான் தீர்மானமானது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பர் 20-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வட்டி விகிதத்தை நிர்ணயிப்பது ஆணையத்தின் வேலையல்ல, அது ரிசர்வ் வங்கியின் வரம்புக்கு உட்பட்டது என்பது அதன் சாரம். உச்சவரம்பு ஏதும் விதிக்காத ரிசர்வ் வங்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை காலம் ஆகும் என்பதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியோடு நின்றுகொண்டது.

குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு 2022-23-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5.1 சதவீதமாகச் சரிந்ததாக ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் வெளியிட்ட புள்ளிவிவரம் தலைநகரில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மக்கள் கடன் வாங்கி வீடும் வாகனமும் வாங்குகின்றனர், இதில் துயரத்தின் அறிகுறி இல்லை என்றது நிதி அமைச்சகம். விலைவாசியே சேமிப்பைத் தின்றுவிட்டது என்றன எதிர்க்கட்சிகள். அதே ஆண்டு நவம்பரில், பிணையில்லாத நுகர்வோர் கடன்கள் பெருகுவதைக் கட்டுப்படுத்த வங்கிகளின் மூலதன விதிகளை ரிசர்வ் வங்கி கடுமையாக்கியது. கடன் கொடுப்பவரைப் பாதுகாக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. கடன் வாங்கியவரின் கையில் ஒரு மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று அந்த விதிகள் கேட்கவில்லை.

செய்யக் கூடியவை:

தனித்து வாழ்பவர் செய்ய வேண்டியதை நான்கு படிகளில் அடக்கிவிடலாம். ஒரு மாதத்தின் தவிர்க்க முடியாத செலவையும் தவணையையும் கூட்டி, அந்தத் தொகையைக் காப்பீடுள்ள வங்கியில் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் ஒதுக்குவது முதல் படி. அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு ரூபாயையும் வட்டி மிகுந்த கடனுக்குக் கட்டுவது இரண்டாவது. தனிநபர் கடனை முன்கூட்டி அடைக்கக் கட்டணம் உண்டா என்று பார்த்த பிறகே அதில் கை வைக்க வேண்டும். கடன் தீரும்வரை அட்டையில் புதுச் செலவு கூடாது என்பது மூன்றாவது. மருத்துவக் காப்பீடு நான்காவது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே ஒரு மருத்துவமனைச் சீட்டு எட்டு மாத உழைப்பைக் கரைத்துவிடும் என்பதால், சேமிப்பில் இதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

ஆனால் தனி ஆளின் கட்டுப்பாட்டை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. நம் நாட்டின் சேமிப்புத் திட்டங்களும் கடன் விதிகளும், ஒருவர் விழுந்தால் தாங்கிப்பிடிக்கக் குடும்பம் இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுந்தவை. ஜாமீனுக்கு உறவினர், அயல்கூட்டத்துக்குக் குடும்பம், அடகுக்குத் தாய்வீட்டு நகை என்று அது ஒவ்வோர் இடத்திலும் தெரிகிறது. வேலைக்காக ஊர்விட்டு ஊர் போவதை வளர்ச்சி என்று போற்றும் அரசுகள், அப்படிப் போனவருக்கு அவரது சம்பளத்தையும் வருங்கால வைப்பு நிதியையும் ஜாமீனாக ஏற்கும் சிறுகடனுக்கு வழி செய்யலாம். கே.எஸ்.எஃப்.இ. போன்ற அரசு நிறுவனம் இதில் முன்கை எடுப்பது கடினமன்று. கூட்டுறவு சங்க வைப்புத்தொகைக்குத் தில்லியும் திருவனந்தபுரமும் சேர்ந்து உறுதியான காப்பீட்டை அளிப்பதும் அவசரத் தேவை.

அதுவரை, கழக்கூட்டத்து அறையில் இரவு பத்து மணிக்குக் கணக்குப் பார்க்கும் ஊழியர் ரூ. 28,000-ஐ வங்கியில் விட்டுவைத்து, அதற்காக ரூ. 7,300 கூடுதலாக இழந்தால், அவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. தனக்கு வேறு எவரும் இல்லை என்பதையும் அவர் கணக்கில் சேர்த்திருக்கிறார்.